பக்கவாத நோயாளரின் மருத்துவமனைகளுக்கு இடையேயான இடமாற்றம்

பக்கவாத நோயாளரின் மருத்துவமனைகளுக்கு இடையேயான இடமாற்றம் என்பது, பக்கவாதத்துக்காக ஒரு மருத்துவமனையில் முதற்சிகிச்சை பெற்ற நோயாளரை, அங்கு இல்லாத உயர்நிலைச் சிகிச்சைக்காக வேறொரு மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் (இலங்கை வழக்கு: நோயாளர் காவு வண்டி) கொண்டு செல்வதையும், வழியில் அவருக்கு அளிக்கப்படும் பராமரிப்பையும் குறிக்கும். பேச்சு வழக்கில் பக்கவாதம் என்பது ஒரு பக்கக் கை கால் செயலிழப்பைக் குறித்தாலும், மருத்துவத்தில் அது மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் திடீரெனத் தடைப்படுவதால் அல்லது மூளையில் குருதிக்குழாய் வெடிப்பதால் உண்டாகும் நோய்நிலையைக் குறிக்கிறது. இக்கட்டுரையில் அச்சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ நோயாளரை முதன்முதலாக மருத்துவமனைக்குக் கொண்டு வருவதிலிருந்து இவ்விடமாற்றம் வேறுபட்டது. இங்கு நோய் இன்னதென்று பெரும்பாலும் தெரிந்துவிட்டிருக்கும். சில மருந்துகள் தொடங்கப்பட்டிருக்கும். எனவே ஆம்புலன்சுப் பயணம் சிகிச்சைக்கு இடையிலான ஓர் இடைவேளை அன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி ஆகும்.

பின்னணி

பக்கவாதம் இரு பெரும் வகைப்படும். குருதிக்கட்டி ஒன்று மூளைத் தமனியை அடைப்பதால் வருவது அடைப்புப் பக்கவாதம். தமனி வெடித்து மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ குருதி கசிவதால் வருவது குருதிப்பெருக்குப் பக்கவாதம். இரண்டின் வெளி அறிகுறிகளும் ஒன்றுபோல் இருக்கக்கூடும். சி.டி. வருடி முதலிய படிமக் கருவிகளின் துணையின்றி இவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

பெரிய தமனி ஒன்று அடைபட்ட நிலையில், சராசரியாக ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டார். பக்கவாதச் சிகிச்சையின் எல்லாப் படிகளிலும் காலத்துக்கு முதன்மை தரப்படுவதற்கு இதுவே காரணம்.

அடைப்புப் பக்கவாதத்துக்கு இரண்டு முதன்மையான அவசரச் சிகிச்சைகள் உள்ளன. ஒன்று, சிரை வழியாக மருந்தேற்றிக் குருதிக்கட்டியைக் கரைத்தல். ஆல்ட்டிப்ளேஸ் என்னும் மருந்தின் பயன் 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நிறுவப்பட்டு, 1996இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. அறிகுறிகள் தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் இதனை அளிப்பது வழக்கம். மற்றொன்று, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, குருதிக்கட்டியை நேரடியாக வெளியே எடுத்தல். பெரிய தமனி அடைப்பில் இம்முறை மிகுந்த பயன் தருவதை 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் காட்டின. அவற்றின் 1287 நோயாளர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, இவ்வாறு சிகிச்சை பெறும் ஏறத்தாழ 2.6 பேருக்கு ஒருவர் என்ற அளவில் உடற்குறை ஒரு படியேனும் குறைவதாகத் தெரியவந்தது. 2018இல் வெளியான டான், டிஃபியூஸ் 3 ஆகிய ஆய்வுகள், தக்கவாறு தெரிவு செய்யப்பட்ட நோயாளர்களுக்கு 24 மணி நேரம் வரையிலும் இச்சிகிச்சை பயன்படக்கூடும் எனக் காட்டின.

மருந்தேற்றுவதைச் சிறிய மருத்துவமனைகளிலும் செய்யலாம். ஆனால் குருதிக்கட்டியை வெளியே எடுக்கத் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரும், தமனிப் படிமக் கூடமும், இரவு பகலாக ஆயத்தமாயிருக்கும் குழுவும் தேவை. இவை பெரிய மையங்களில் மட்டுமே உள்ளன. இதனால் 2015க்குப் பின்னர் பல நாடுகளில் பக்கவாத நோயாளரை மருத்துவமனைகளுக்கு இடையே மாற்றுவது பெரிதும் கூடியது. அருகிலுள்ள மருத்துவமனையில் மருந்தைத் தொடங்கி, பின்னர் பெரிய மையத்துக்கு அனுப்பும் முறை "மருந்தேற்றி அனுப்புதல்" எனப்படுகிறது.

இடமாற்றம் தேவைப்படும் நிலைகள்

பின்வரும் நிலைகளில் பொதுவாக இடமாற்றம் செய்யப்படுகிறது:

- பெரிய தமனி அடைப்பு: குருதிக்கட்டியை வெளியே எடுப்பதற்காக.
- மூளையின் ஒரு பெரும்பகுதி வீங்கி உள்ளழுத்தம் கூடும் நிலை: மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைக்காக.
- சிறுமூளையில் குருதிப்பெருக்கு: மூளைத்தண்டு அழுத்தப்படும் முன்னர் அறுவை செய்வதற்காக.
- தமனி வீக்கம் வெடித்தல்: கவ்வி பொருத்தி அல்லது உலோகச் சுருள் இட்டு அதனை மூடுவதற்காக.
- தொடர் கண்காணிப்பு, செயற்கைச் சுவாசம் ஆகியவற்றுக்கு முதல் மருத்துவமனையில் வசதி இல்லாத நிலை.

புறப்படும் முன்னர்

நோயாளர் முதல் மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து அங்கிருந்து புறப்படும் வரையான நேரம் "உள்நுழைவு-வெளியேற்ற நேரம்" என அளக்கப்படுகிறது. இது 120 நிமிடங்களுக்குள் அமைய வேண்டும் என்பது அமெரிக்காவில் நெடுநாள் இலக்காகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. 90 நிமிடங்கள் என்னும் கடுமையான இலக்கும் பின்னர் வகுக்கப்பட்டது. ஆனால் 2019க்கும் 2021க்கும் இடையில் அந்நாட்டில் இடமாற்றம் செய்யப்பட்ட 1,08,913 நோயாளர்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், இதன் இடைநிலை மதிப்பு 174 நிமிடங்களாக இருந்தது. 120 நிமிடங்களுக்குள் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. சாலையில் எவ்வளவு விரைந்து சென்றாலும் மீட்க முடியாத காலம், வண்டி புறப்படும் முன்னரே கழிந்துவிடுகிறது என்பதை இது உணர்த்துகிறது.

காலத்தைக் குறைக்க, சில செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே நேரத்தில் செய்யப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, பெரிய தமனி அடைப்பு இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தவுடனேயே, படிமத்தின் முடிவுக்குக் காத்திராமல், ஆம்புலன்சுக்குச் சொல்லி வைக்கப்படுகிறது. நோயாளரைக் கொண்டு வந்த ஆம்புலன்சையே நிறுத்தி வைத்து, தேவையானால் அதிலேயே அனுப்புவதும் உண்டு. மருத்துவப் படிமங்கள் குறுந்தட்டில் பதியப்படாமல் வலையமைப்பு வழியாக முன்னரே அனுப்பப்படுகின்றன.

புறப்படும் முன் ஆம்புலன்சுக் குழு அறிந்துகொள்ள வேண்டியவை:

- நோயாளர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம். உறக்கத்திலிருந்து எழும்போது அறிகுறியுடன் காணப்பட்டவருக்கு, அவர் உறங்கச் சென்ற நேரமே கணக்கில் கொள்ளப்படும்.
- பக்கவாதத்தின் வகையும், இடமாற்றத்தின் நோக்கமும்.
- 0 முதல் 42 வரை புள்ளியிடப்படும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பக்கவாத அளவையில் நோயாளர் பெற்ற மதிப்பு.
- ஏற்றப்பட்ட மருந்து, அளவு, தொடங்கிய நேரம், நோயாளரின் எடை.
- குருதி உறைவெதிர்ப்பு மருந்துகளை உட்கொள்பவரா என்பது. குருதிப்பெருக்கு உள்ளவருக்கு அம்மருந்தின் விளைவை முறிக்கும் மருந்தைப் புறப்படும் முன்னரே தொடங்குவது நல்லது.
- குருதி அழுத்தத்துக்கான மேல் எல்லையும், அதனைத் தாண்டினால் தர வேண்டிய மருந்தும்.
- வழியில் ஐயம் எழுந்தால் அழைக்க வேண்டிய மருத்துவரின் தொலைபேசி எண்.

சிரைக்குழாய் இரண்டு பொருத்தப்பட்டிருப்பது நலம். குருதிக்கட்டி கரைப்பு மருந்து ஒன்றில் செல்லும்போது, பிற மருந்துகளுக்கு மற்றொன்று பயன்படும்.

வழியில் பராமரிப்பு

குருதி அழுத்தம்

ஆம்புலன்சில் மிகக் கவனமாகப் பேணப்பட வேண்டியது குருதி அழுத்தமே. ஆனால் எல்லாப் பக்கவாத நோயாளருக்கும் ஒரே எல்லை பொருந்தாது. அடைப்புப் பக்கவாதத்தில், அடைப்புக்கு அப்பாலுள்ள மூளைப்பகுதி பக்கக் கிளைத் தமனிகளின் வழியாகச் சிறிதளவு குருதியைப் பெற்று உயிர் பிழைத்திருக்கும். அழுத்தத்தை மிகையாகக் குறைத்தால் அவ்வோட்டமும் குன்றிவிடும். குருதிப்பெருக்கிலோ உயர் அழுத்தம் கசிவைக் கூட்டக்கூடும். பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகள் (மி.மீ. பாதரச அலகில்) வருமாறு:

- கரைப்பு மருந்து தரப்பட்ட அடைப்புப் பக்கவாதம்: 180/105க்குக் கீழ்.
- கரைப்பு மருந்து தரப்படாமல், கட்டியை வெளியே எடுப்பதற்காக அனுப்பப்படுபவர்: 185/110க்கு மிகாமல்.
- இவ்விரு சிகிச்சைகளும் இல்லாத அடைப்புப் பக்கவாதம்: பொதுவாக 220/120ஐத் தாண்டினால் மட்டுமே குறைக்கப்படும்.
- குருதிப்பெருக்கு: சுருங்கழுத்தம் 150 முதல் 220 வரை உள்ளவருக்கு 140ஐ ஒட்டிய அளவு, 130க்குக் கீழே செல்லாமல்.

இவ்வேறுபாட்டின் முதன்மையைச் சீனாவில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான இன்டராக்ட்4 ஆய்வு தெளிவாக்கியது. பக்கவாதம் என ஐயுறப்பட்ட 2404 பேரில் ஒரு பாதியினருக்கு, வகை அறியப்படும் முன்னர் ஆம்புலன்சிலேயே குருதி அழுத்தம் குறைக்கப்பட்டது. மொத்தத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, குருதிப்பெருக்கு உள்ளவர்கள் பயனும், அடைப்பு உள்ளவர்கள் தீங்கும் அடைந்திருந்தனர். ஒன்றையொன்று ஈடு செய்ததால் மொத்த விளைவு மறைந்துபோயிருந்தது. மருத்துவமனைகளுக்கு இடையேயான இடமாற்றத்தில் வகை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், அத்தகவல் ஆம்புலன்சுக் குழுவைச் சென்றடைய வேண்டியது இன்றியமையாதது.

கரைப்பு மருந்து தரப்பட்டவருக்கு முதல் 2 மணி நேரம் 15 நிமிடங்களுக்கு ஒரு முறையும், அடுத்த 6 மணி நேரம் 30 நிமிடங்களுக்கு ஒரு முறையும், பின்னர் 24 மணி நேரம் முடியும் வரை மணிக்கு ஒரு முறையும் குருதி அழுத்தமும் நரம்பியல் நிலையும் பார்க்கப்படுகின்றன.

கரைப்பு மருந்து

ஆல்ட்டிப்ளேஸின் அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 மி.கி. ஆகும், மொத்தம் 90 மி.கி.க்கு மேல் தரப்படுவதில்லை. இதில் பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில் செலுத்தப்பட்டு, எஞ்சியது 60 நிமிடங்களில் எந்திரம் மூலம் ஏற்றப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 54 மி.கி.; முதலில் 5.4 மி.கி., பின்னர் 48.6 மி.கி. மருந்துப் புட்டி 100 மி.கி. கொண்டதாயின், மிகுதியான 46 மி.கி.யை முன்னரே வெளியேற்றிவிட வேண்டும். இல்லையெனில் வழியில் எவரும் அறியாமல் மிகை மருந்து உடலுக்குள் சென்றுவிடக்கூடும்.

இதற்கு எதிரான பிழையும் நிகழ்வதுண்டு. புட்டி காலியானதும் எந்திரம் ஒலியெழுப்பி நின்றுவிடும். ஆனால் அப்போதும் இணைப்புக் குழாயினுள் மருந்து எஞ்சியிருக்கும். உப்புநீர்ப் பையை அதே குழாயில் இணைத்து, அதே வேகத்தில் தொடர்ந்து செலுத்தினால்தான் முழு அளவும் நோயாளரைச் சேரும்.

டெனெக்டிப்ளேஸ் என்னும் மருந்து இச்சிக்கல்களைத் தவிர்க்கிறது. கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம், 25 மி.கி.க்கு மிகாமல், ஒரே ஊசியாக இது செலுத்தப்படுகிறது. பயணத்தின்போது மருந்தேற்றும் எந்திரம் தேவையில்லை. 2018இல் வெளியான ஆத்திரேலிய ஆய்வு ஒன்றில், கட்டியை எடுப்பதற்கு முன்னரே குருதியோட்டம் மீண்டவர்கள் ஆல்ட்டிப்ளேஸ் பெற்றோரில் 10 விழுக்காடும், டெனெக்டிப்ளேஸ் பெற்றோரில் 22 விழுக்காடும் ஆவர். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் இம்மருந்து பக்கவாதத்துக்கு ஒப்புதல் பெற்றது.

மூச்சு, ஆக்சிசன், குருதிச் சர்க்கரை

ஆக்சிசன் நிறைவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் குறையும் நோயாளருக்கே ஆக்சிசன் தரப்படுகிறது. பிரித்தானியாவில் 8003 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், குறைபாடு இல்லாதவர்களுக்கு வழமையாக ஆக்சிசன் தருவதால் எப்பயனும் காணப்படவில்லை.

பக்கவாதத்தில் விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கக்கூடும். எனவே விழுங்கு திறன் சோதிக்கப்படும் வரை நீர், உணவு, மாத்திரை எதுவும் வாய்வழியாகத் தரப்படுவதில்லை. தாகம் தீர்க்க உறவினர் தரும் ஒரு வாய் நீர்கூட நுரையீரலுக்குள் சென்று தொற்றை உண்டாக்கக்கூடும்.

குருதிச் சர்க்கரை 60 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இறங்கினால் உடனடியாகச் சிரை வழியே குளுக்கோசு தரப்படும். சர்க்கரைக் குறைவு பக்கவாதத்தைப் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும் என்பதால், வழியில் நோயாளரின் நிலை மாறினால் முதலில் செய்யப்படும் சோதனைகளுள் இதுவும் ஒன்று.

படுக்கை நிலை

2017இல் வெளியான, 11,093 பேரைக் கொண்ட ஹெட்போஸ்ட் ஆய்வில், பொதுவான பக்கவாத நோயாளரைத் தட்டையாகப் படுக்க வைப்பதற்கும் தலையை உயர்த்தி வைப்பதற்கும் விளைவில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் 2025இல் வெளியான, 92 பேரை மட்டும் கொண்ட சோடியாக் ஆய்வில், பெரிய தமனி அடைப்புடன் கட்டியை எடுக்கக் காத்திருந்தவர்களுள் தட்டையாகப் படுக்க வைக்கப்பட்டோரின் நிலை குறைவாகவே மோசமடைந்தது. குருதிப்பெருக்கு, மூளை வீக்கம், வாந்தி ஆகியவை உள்ளவர்களுக்குத் தலைப்பகுதி ஏறத்தாழ 30 பாகை உயர்த்தப்படுகிறது.

வழியில் ஏற்படக்கூடிய சிக்கல்கள்

மூளைக்குள் குருதிப்பெருக்கு: கரைப்பு மருந்தின் மிகக் கடுமையான பக்கவிளைவு இதுவே. 1995ஆம் ஆண்டு ஆய்வில் மருந்து பெற்றோரில் 6.4 விழுக்காட்டினருக்கு அறிகுறிகளுடன் கூடிய குருதிப்பெருக்கு ஏற்பட்டது. கடுந்தலைவலி, வாந்தி, குருதி அழுத்தத்தின் திடீர் உயர்வு, உணர்வு மங்குதல், செயலிழப்புக் கூடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், ஆல்ட்டிப்ளேஸ் சென்றுகொண்டிருந்தால் உடனே நிறுத்தப்பட்டு மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும்.

நாக்கு, உதடு வீக்கம்: கரைப்பு மருந்து பெற்றோருள் சிலருக்கு இது உண்டாகிறது. குருதி அழுத்தத்துக்காக ஏ.சி.இ. தடுப்பு மருந்துகளை உட்கொள்பவர்களிடம் இது மிகுதி. மூச்சுவழி அடைபடும் இடர் இருப்பதால், உதடும் நாக்கும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும்.

வாந்தி: செயலிழந்த நிலையில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு இது உயிருக்கு இடராகும். நோயாளரைப் பக்கவாட்டில் திருப்பி, உறிஞ்சு கருவியால் வாய் தூய்மைப்படுத்தப்படுகிறது.

வலிப்பு, உணர்விழப்பு: தானாக மூச்சுவழியைக் காத்துக்கொள்ள இயலாதவருக்குச் சுவாசக்குழாய் பொருத்தப்படும். ஓடும் வண்டியில் இதனைச் செய்வது கடினம். எனவே நிலை மோசமாகக்கூடும் எனக் கருதப்படுபவருக்குப் புறப்படும் முன்னரே இதுபற்றி முடிவெடுக்கப்படுகிறது.

நோயாளரும் உறவினரும்

இடது மூளை பாதிக்கப்பட்ட பலர் பேச்சாற்றலை இழக்கின்றனர். சிலர் பிறர் பேசுவதையும் புரிந்துகொள்ள இயலாதவர்களாவர். தலைவலியையோ மூச்சுத்திணறலையோ அவர்களால் சொல்ல இயலாது. ஆகவே முகக்குறி, அமைதியின்மை, நலமான கையின் அசைவு ஆகியவற்றிலிருந்தே மாற்றங்களை உணர வேண்டியுள்ளது. பேச இயலாதவர் யாவரும் கேட்க இயலாதவர் அல்லர் என்பதால், செய்யப்படுவது என்ன, செல்லும் இடம் எது என்பவை எளிய சொற்களில் அவரிடம் சொல்லப்படுகின்றன.

நோயாளரின் சார்பில் இசைவு தரக்கூடிய உறவினர் வேறு வண்டியில் பின்தொடரும்போது, அவர் வந்து சேரும் வரை சிகிச்சை தாமதமாகக்கூடும். எனவே அவருடைய கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வதும், இடம் இருந்தால் அவரை ஆம்புலன்சிலேயே அழைத்துச் செல்வதும், சிகிச்சை பற்றி அவரிடம் முன்னரே பேசுவதும் நடைமுறையில் உள்ளன.

ஒப்படைப்பு

பெரிய மையத்தை நெருங்கும்போது ஆம்புலன்சுக் குழு முன்னறிவிப்புச் செய்கிறது. படிமங்கள் முன்னரே வந்துசேர்ந்து, நோயாளரின் நிலையும் மாறாதிருந்தால், அவசரப் பிரிவில் நிற்காமல் நேராகத் தமனிப் படிமக் கூடத்துக்கே அவரைக் கொண்டு செல்லலாம். நிலை மாறியிருந்தால் மீண்டும் படிமம் எடுக்கப்படும். மோசமடைந்தவருக்குக் குருதிப்பெருக்கு உண்டாகியிருக்கலாம். தேறியவருக்கு வழியிலேயே கட்டி கரைந்திருக்கலாம். பின்னவருக்குக் கட்டியை எடுக்கும் சிகிச்சை தேவைப்படாமலே போகக்கூடும்.

மாற்று முறைகள்

நேரடியாகப் பெரிய மையத்துக்குச் செல்லுதல்: அருகிலுள்ள மருத்துவமனையைத் தவிர்த்து, தொடக்கத்திலேயே பெரிய மையத்துக்குக் கொண்டு செல்வது மற்றொரு முறை. எசுப்பானியாவின் காத்தலோனியாவில் 2017 முதல் 2020 வரை 1401 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ரேஸ்கேட் ஆய்வு இவ்விரண்டையும் ஒப்பிட்டது. 2022இல் வெளியான அதன் முடிவில், 90 நாட்களுக்குப் பின்னரான செயல்திறனில் இரு முறைகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. குருதிப்பெருக்கு உள்ளவர்களை மட்டும் தனியே ஆராய்ந்தபோது, நெடுந்தொலைவு நேரடியாகக் கொண்டு செல்லப்பட்டோரின் விளைவு மோசமாக இருந்தது.

நடமாடும் பக்கவாதப் பிரிவு: சி.டி. வருடி பொருத்தப்பட்ட ஆம்புலன்சு, நோயாளர் இருக்கும் இடத்துக்கே சென்று வகையறிந்து மருந்தேற்றுகிறது. இவ்வெண்ணத்தை 2003இல் முன்வைத்த செருமானிய மருத்துவர் கிளவுசு ஃபாசுபெண்டரின் முயற்சியால், 2008இல் ஓம்பூர்க் நகரில் இது முதன்முதலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் பெர்லின், ஊசுட்டன் முதலிய நகரங்களிலும் அமைந்தது.

மருத்துவரை அனுப்புதல்: நோயாளரை மாற்றுவதற்குப் பதிலாக, கட்டியை எடுக்கும் குழுவையே உலங்கு வானூர்தியில் சிறிய மருத்துவமனைக்கு அனுப்பும் திட்டம் 2018இல் செருமனியின் தென்கிழக்குப் பவேரியாவில் தொடங்கப்பட்டது. 2022இல் வெளியான ஆய்வின்படி, சிகிச்சை என முடிவெடுத்ததிலிருந்து அது தொடங்கும் வரையான இடைநிலை நேரம், நோயாளரை மாற்றியபோது 148 நிமிடங்களாகவும், குழு பறந்து சென்றபோது 58 நிமிடங்களாகவும் இருந்தது. சிறிய மருத்துவமனையில் தமனிப் படிமக் கூடம் இருந்தால் மட்டுமே இம்முறை இயலும். அவ்வசதி இல்லாத இடங்களில், நன்கு ஆயத்தம் செய்யப்பட்ட ஆம்புலன்சு இடமாற்றமே நோயாளருக்கு உரிய வழியாக உள்ளது.